சொந்தக் கால்

சிக்கனத்தில் யாழ்ப்பாணத்தவரை வெல்ல எவருமில்லை என்பர். இதனைப் புகழ்ச்சியாகவும் கூறுவர், பரிகாசமாகவும் கூறுவர். நமது குடாநாடு ஆறில்லாத நாடு. சுண்ணக்கல்லைக் குடைந்து கிணறு கண்டு, துலா மிதித்து நீர் இறைத்தாலன்றி முன்னாளில் தோட்டப்பயிரில்லை. இத்தகைய மண்ணிலே சிக்கனம் வெறும் குணமன்று, உயிர்வாழும் வழி. ஆயின், அவ்வாறு மிச்சம்பிடித்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்வியை நாம் கேட்பது அரிது.

எங்கள் அளவெட்டியின் செம்மண் தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம். புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் தந்த பணம் பெரும்பாலும் மூன்று வழிகளிற் சென்றது. மகளுக்குச் சீதனம்; மகனுக்கு உத்தியோகப் படிப்பு; பின்னாளிற் பிள்ளையின் வெளிநாட்டுப் பயணம். இவற்றுள் எதனையும் நான் பழிக்க வரவில்லை. ஆயினும், இம்மூன்றனுள் ஒன்றேனும் ஊரிலே ஒரு தொழிலை நிறுவிற்றா? 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த நல்லகாலம் முடிந்தது. அரைக்காசுச் சம்பளமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று அன்று காத்திருந்தோம். கடல்கடந்த பிள்ளை அனுப்பும் பணத்துக்கு இன்று காத்திருக்கிறோம். காத்திருக்கும் இடம் மாறியதேயன்றிக் காத்திருத்தல் மாறவில்லை.

நம் முன்னோர் வேறொரு வழியையும் காட்டிச் சென்றனர். இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. யாழ்ப்பாணத்தவர் அதனை இறுகப் பற்றிக்கொண்டனர். 1936இல் மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலையே எழுந்தது. கூட்டுறவுக்கு உழைத்த வீரசிங்கம் அவர்களின் பெயரை யாழ்நகர் மண்டபம் இன்றும் தாங்கி நிற்கிறது. பலருடைய சிறுசேமிப்பு ஒன்றுகூடினால் முதலாகும் என்பதே அவ்வியக்கம் கற்பித்த பாடம்.

'சேமித்து என்ன பயன்? 2022இல் விலைவாசி ஓராண்டில் நூற்றுக்கு எழுபது வரை ஏறியதே! பெட்டியிலிருந்த பணம் கரைந்துபோயிற்றே!' என்று மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பெட்டியிற் கிடந்த பணம் கரைந்தது. நகையாயிருந்த பொன் கரையவில்லை, ஆனால் அதுவும் உழைக்கவில்லை. தையல் இயந்திரமாக, நீர் இறைக்கும் இயந்திரமாக, பனையோலை பின்னும் கைப்பழக்கமாக மாறிய சேமிப்போ அக்காலத்திலும் சோறு போட வல்லது. 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நிலத்தையும் கிணற்றையும் எவரும் சுமந்து செல்லவில்லை. கைத்திறனைச் சுமந்து சென்றனர். நாதசுர மேதை என்.கே. பத்மநாதனைத் தந்த ஊருக்குக் கைத்திறனும் ஒரு சொத்து என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இனி, சேமிக்காமலே கடன்பெற்றுத் தொழில் தொடங்கலாமே என்பார் உளர். போர் ஓய்ந்தபின் வடக்கிலே நுண்கடன் வாங்கிய பெண்கள் பட்ட பாட்டை அவர்கள் எண்ணிப்பார்க்கட்டும். கிழமைதோறும் தவணைக்காரர் படலையில் வந்து நிற்கையில், ஆடு குட்டி ஈனும்வரை காத்திருக்க எவரால் இயலும்? கடன்முதலில் எழுந்த தொழில் முதலிற் கடன்காரனுக்கே உழைக்கிறது. சொந்த முதல் சிறிதாயினும் பொறுமையுடையது. ஒரு போகம் பொய்த்தாலும் மறுபோகத்துக்கு இடம்கொடுக்கும்.

ஆதலால் ஆசிரியரும் மாணவரும் இதனைச் சிந்திக்கவேண்டுகிறேன். வரவுசெலவு எழுதும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்குவோம். ஒடியல் மாவோ, மோர்மிளகாயோ, நாற்றுமேடையோ, வீட்டளவில் ஒன்றைச் செய்து விற்றுப் பார்ப்பதை இழிவென்று எண்ணாதிருப்போம். கிடைக்கும் இலாபத்திற் பாதியையேனும் அத்தொழிலுக்கே திருப்புவோம். பத்து வீட்டார் சேர்ந்தால் விலைபேசும் வலிமையும் உண்டாகும்.

இவ்வழியிற் செல்வர் ஆவோம் என்று நான் உறுதி கூறேன். பிறர் முகம் பார்த்து, வேண்டாததற்குத் தலையசைக்கும் நிலை குறையும். எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் அதனினும் பெரிய செல்வம் வேறென்ன வேண்டும்?