கயாக் இருக்கு, தூண்டில் இருக்கு... மீன் யாருடையது?

கொல்லிமலைக்கு பைக்கில் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏறினால் திண்ணனூர் நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'நாடு' என்றே முடியும். இங்கே ஊராட்சிகளின் பெயரே அப்படித்தான். வாசலூர்பட்டி படகு இல்லத்தில் ஒரு ரவுண்டு, ஆகாய கங்கையில் ஒரு குளியல், ராத்திரிக்குள் கீழே இறங்கிவிடுவது... பலருடைய பிளான் இவ்வளவுதான்.

இப்போது இன்னொரு பிளானும் சேர்ந்திருக்கிறது. காற்றடிக்கும் கயாக் கார் டிக்கியில் அடங்கிவிடுகிறது. தூண்டில் கம்பு நாலாக மடங்கி பேக்கில் போய்விடுகிறது. கயாக்கில் உட்கார்ந்தபடி மீன் பிடிக்கும் வெளிநாட்டு ரீல்ஸ் ரெண்டு பார்த்தால் போதும், 'நம்ம ஊர்லயும் ஒரு டோர்னமென்ட் வெச்சா என்ன?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது கேட்டுவிடுவார்கள். நல்ல கேள்விதான். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

போட்டி எப்படி நடக்கும்?

கயாக் விளையாட்டுச் சாமானாகப் பிறந்ததல்ல. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. நம்மிடம் அதற்கு இணையாகக் கட்டுமரம் இருந்தது. இன்றைய மீன்பிடி கயாக்கில் உள்ளே நுழைந்து உட்கார வேண்டியதில்லை, மேலேயே உட்காரலாம். கட்டுமரத்தில் உட்கார்ந்தவருக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இது பெரிய போட்டி. ஹோபி நிறுவனம் 2011-ல் ஆஸ்திரேலியாவில் உலகப் போட்டியே நடத்தியது. பொதுவான விதி இதுதான்: குறித்த நேரத்தில் எல்லோரும் தண்ணீரில் இறங்க வேண்டும். மீன் சிக்கினால் அளவுப்பலகையில் வாயை மூடிய நிலையில் கிடத்தி, அன்றைய போட்டிக்கான ரகசியக் குறியீட்டு அட்டையும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். போட்டோ ஆப்பில் ஏறும். ஒருவர் பிடித்ததில் நீளமான 5 மீன்களின் நீளத்தைக் கூட்டினால் அதுதான் ஸ்கோர்.

ஏன் எடை இல்லை, நீளம்? மீனை உயிரோடு கரைவரை கொண்டுவரும் தொட்டி கயாக்கில் கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஈரி ஏரியில் எடைக்கணக்கில் நடந்த ஒரு படகுப் போட்டியில், ஜெயித்தவர்களின் மீன்களை நடுவர் அறுத்துப் பார்த்தார். வயிற்றுக்குள் ஈயக் குண்டுகள்! அடுத்த வருடம் அந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 நாள் ஜெயில் தண்டனை பெற்றார்கள். ஈயத்தை விழுங்கினாலும் மீன் நீளமாகாது, இல்லையா?

தயாராவது என்றால்...

முதல் பயிற்சி மீன் பிடிப்பது அல்ல, கவிழ்வது. ஆழம் குறைந்த இடத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, லைஃப் ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். 10 தடவை ஏற முடிந்த பிறகு தூண்டிலைத் தொடலாம்.

அடுத்தது காற்று. காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கிற அணை, மதியம் அலையடிக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போனால் களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். மாற்றிச் செய்தவர்கள் கரைக்கு வர மாரடிக்க வேண்டியதுதான். அமராவதி, சாத்தனூர் அணைகளில் முதலை உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, மீனின் காலண்டர். நம் ஏரிகளில் ரப்பர் தவளையைப் போட்டு விரால் பிடிப்பவர்கள் அதிகம். மழைக்காலத்தில் தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுகள் கூட்டமாகச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் கோபத்தில்தான் தவளையைக் கடிக்கும். சுலபமாகச் சிக்கும். நீங்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் காவலில்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். ஆகவே, தேதி குறிக்கும்போது இனப்பெருக்கக் காலத்தைத் தள்ளிவைப்பதுதான் முதல் விதியாக இருக்க வேண்டும்.

விட்டுவிட்டால் போதுமா?

'நாங்கதான் பிடிச்சு விட்டுடுறோமே' என்பது எல்லோரும் சொல்கிற பதில். விடுகிற விதம் முக்கியம். கையை நனைத்த பிறகே மீனைத் தொட வேண்டும். கொளுவி இல்லாத முள் வேண்டும். வெயிலில் செல்ஃபிக்காக அரை நிமிடம் தூக்கிப் பிடித்தால், நீந்திப் போவது போலத் தெரிகிற மீன்கூட பிறகு செத்து மிதக்கலாம்.

இதில் காவிரி நமக்குப் பெரிய பாடம். 1946-ல் கபினியில் வான் இங்கன் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ மஹசீர். பிற்காலத்தில் கர்நாடகக் காவிரிக் கரை முகாம்களில் பிடித்து விடும் வழக்கம் வந்தது. கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, மஹசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால், காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் குறைந்துகொண்டே வந்திருந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறு வகை. கூன்முதுகு மீனுக்கு 2018-ல்தான் முறையான அறிவியல் பெயர் உறுதியானது. அதே வருடம் அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

தூண்டில்காரர்கள் கணக்கு எழுதியதால்தான் இந்த உண்மையே வெளியே வந்தது. அந்த அளவில் போட்டிகளால் நன்மை உண்டு. எந்த இடம், என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர் என்று உங்கள் ஆப்பில் சேர்வது ஆய்வாளர்கள் கைக்குப் போனால் அது தகவல். போகாவிட்டால் வெறும் லைக்.

மலையில் யாரைக் கேட்பது?

திரும்பக் கொல்லிமலைக்கு வருவோம். அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன் பிடிக்க மாட்டார்கள். அறுத்த மீனை இறைவன் பொருத்தி உயிர்ப்பித்தார் என்பது இங்குள்ள ஐதீகம். பக்தர்கள் மீன்களுக்கு இரை போட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே போய் அளவுப்பலகையை விரிக்க முடியுமா?

இது நம்பிக்கை மட்டுமல்ல, உரிமையும்கூட. மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, காட்டைச் சார்ந்து வாழ்பவர்களின் சமூக உரிமைகளில் மீனையும் நீர்நிலைகளின் மற்ற விளைபொருள்களையும் சேர்த்திருக்கிறது. அந்த உரிமையைத் தீர்மானிக்கும் வேலை கிராம சபையில் தொடங்குகிறது. சமவெளியிலும் கதை வேறு மாதிரி இல்லை. ஏரி குத்தகைக்கு எடுத்தவர் கையில் இருக்கும், அணை மீன்வளத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும். ஒரு சீசனுக்குக் குஞ்சு விட்டுப் பணம் போட்டவருக்கு, 'பிடிச்சு விட்டுடுவோம் அண்ணே' என்பது சமாதானமாக இருக்காது.

மலை நீர்நிலைகள் சின்னவை. 40 கயாக் ஒரே நாளில் இறங்கினால் தாங்காது. கீழே ஏதோ ஒரு குளத்திலிருந்து கயாக்கின் அடியில் ஒட்டிவரும் ஆகாயத்தாமரைத் துண்டு ஒன்று போதும், ஓடை நாசமாக. கயாக்கைக் கழுவி, வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த தண்ணீரில் இறக்குங்கள்.

என் கருத்து இதுதான். போட்டி வேண்டுமென்றால் அனுமதி வாங்கிய பெரிய அணையில் வையுங்கள். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அங்கே வலை வீசிப் பிழைப்பவர்களுக்குப் போகட்டும். அவர்களையே நடுவர்களாக்குங்கள். மீன் எந்த மூலையில் நிற்கும், காற்று எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கொல்லிமலைக்குக் கயாக்கோடு போகிறவர்கள் முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கேளுங்கள். 'வேணாம்பா' என்று சொன்னால், காற்றைப் பிடுங்கி டிக்கியில் வைத்துவிட்டு, ஒரு கொல்லிமலை அன்னாசிப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். கீழே 70 வளைவு இருக்கிறது, நிதானமாக!