வாயைத் திறந்து பார்க்காத வைத்தியம்

லயத்து மாடு நொண்டினால், "கொட்டகை சேறு, கால் அழுகுது" என்று தூரத்தில் நின்றே சொல்லிவிட்டு ஒரு பென்சிலின் ஊசியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காசு நம்முடையது. தோட்டத்து மாட்டுக்கு இந்த வைத்தியம் போதும் என்று தீர்மானித்தவர் யார் என்று கேட்கிறோம்.

மழைக் காலத்தில் குளம்பழுகல் வருவது உண்மைதான். குளம்பிடுக்கில் பக்டீரியா புகுந்து வருவது அது. பெரும்பாலும் ஒரு கால்தான் வீங்கும், நாற்றம் அடிக்கும், வாயில் ஒன்றும் இருக்காது. வேளைக்கு மருந்து போட்டால் தேறிவிடும். நம் பெரியவர்கள் கோமாரி என்று சொல்லும் கால்வாய் நோய் அப்படியல்ல. அது வைரஸ். காய்ச்சல் அடிக்கும், பால் சட்டென்று குறையும், எச்சில் நூலாக வடியும், மாடு சப்புக்கொட்டும். நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும், சில வேளை முலைக்காம்பிலும் கொப்புளம் போடும். இன்று ஒரு மாடு, சில நாளில் பக்கத்துக் கொட்டகை. பெரிய மாடு பிழைத்தாலும் இளங்கன்று திடீரென்று விழுந்து சாகும். பென்சிலினுக்கு இந்த வைரஸ் சாகாது. புண்ணில் வேறு கிருமி ஏறாமல் காக்கலாம், அவ்வளவே.

இரண்டையும் பிரித்தறிய முதலில் வேண்டியது மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பதும் நாலு காலையும் தூக்கிப் பார்ப்பதும்தான். அதற்கு மெஷின் தேவையில்லை. உறுதிப்படுத்தக் கொப்புளத்துத் தோலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். கொப்புளம் ஓரிரு நாளில் உடைந்துவிடும். நாள் போகப் போக மாதிரியில் வைரஸ் கிடைப்பது அரிது. "அடுத்த கிழமை வாறோம்" என்பவர் வந்து பார்ப்பது ஆறுகிற புண்ணைத்தான். பிறகு, நோயே இல்லை என்று எழுதுவதும் சுலபம்!

1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம், நோயை அறிவிக்கும் கடமையை மாட்டுக்காரர் தலையில் வைத்திருக்கிறது. வைக்கட்டும். அறிவித்தால் வர ஆள் வேண்டாமா? சொன்னால் மாட்டையே லயத்தை விட்டு அகற்றச் சொல்லும் துரைமாரும் இருக்கிறார்கள். பால் எடுப்பவரும் நிறுத்திவிடுவார். பிள்ளையின் கொப்பிக்கும் கடைக் கடனுக்கும் அந்தப் பால் காசை நம்பியிருக்கும் குடும்பம் எப்படி வாய் திறக்கும்?

நம்மில் சிலர் நொண்டும் மாட்டை இரவோடிரவாகத் தரகரிடம் தள்ளிவிடுவதையும் சொல்லத்தான் வேண்டும். லொறி ஏறும் அந்த மாடு அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டு போகிறது. அங்கே இருப்பதும் நம் சனம்தான்.

நாம் கேட்பது இவை. அறிவித்த அன்றோ மறுநாளோ மிருக வைத்தியர் லயத்துக்கு வர வேண்டும். தடுப்பூசி றோட்டோரப் பண்ணைகளோடு நிற்காமல் மேற்பிரிவு வரை ஏற வேண்டும். நோயை அறிவித்தவரின் மாட்டை அதைச் சாட்டாக வைத்து அகற்றக் கூடாது. பால் நிறுத்தப்படும் நாட்களுக்கு நட்டஈடு வேண்டும்.

மாடு நொண்டினால் அன்றே பிரித்துக் கட்டுங்கள். மற்ற மாடுகளைக் கறந்த பிறகே அதைத் தொடுங்கள். யாருக்கு, எத்தனை மணிக்கு அறிவித்தீர்கள் என்று எழுதி, தோட்டக் கமிட்டித் தலைவர் அல்லது தலைவியிடம் கொடுங்கள். வராதவர்களின் மேலதிகாரியிடம் அந்தத் துண்டோடு போவது சங்கத்தின் வேலை.