பள்ளிச் சுற்றுலாப் பேருந்து ஏன் சதுரங்கப்பட்டினத்தில் நிற்பதில்லை?

அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் அந்தப் பட்டியல் பல வருடமாக மாறவேயில்லை. வண்டலூர், மாமல்லபுரம், இப்போது கூடுதலாக ஏதாவது ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம், ஒரு ஐஸ், அவ்வளவுதான், வண்டி திரும்பிவிடும். அங்கிருந்து தெற்கே சுமார் 15 கி.மீ. போனால் கல்பாக்கம். "அங்கே என்ன சார் இருக்கு? அணுமின் நிலையம்தானே, அதுக்குள்ளே விடவும் மாட்டாங்க" என்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்துக்கு, கல்பாக்கம் நகரியத்தை ஒட்டியிருக்கும் சதுரங்கப்பட்டினத்தைவிட நல்ல வகுப்பறை இந்த மாவட்டத்தில் கிடையாது.

வெளிநாட்டார் வாயில் 'சட்ராஸ்' ஆகிப்போன ஊர் இது. டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தது துணி வாங்க. நம் தறிகளில் நெய்த மெல்லிய மஸ்லின் இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேறியது. வாங்கியதை அடுக்கக் கிடங்கு, கிடங்கைக் காக்கச் செங்கல் மதில் என்று வளர்ந்ததுதான் இன்று நாம் பார்க்கும் கோட்டை. வியாபாரம் எப்படி ஆட்சியாக மாறியது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். இங்கே கிடங்கையும் மதிலையும் அருகருகே நிறுத்திக் காட்டினால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

உள்ளே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. பெரிய கற்பலகைகளில் குலச்சின்னமும் பூவேலையும் டச்சு எழுத்தும் செதுக்கியிருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தால் காவலாளியைக் கேளுங்கள். ஒரு பையனைக் கூப்பிட்டுக் கல்லில் உள்ள ஆண்டை வாசிக்கச் சொல்லி, அப்போது சென்னையில் ஜார்ஜ் கோட்டை இருந்ததா, தஞ்சாவூரை யார் ஆண்டார்கள் என்று கேளுங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது. அப்படியே கடற்கரைக்கு நடந்தால், 1782 பிப்ரவரி 17 அன்று ஆங்கிலேயக் கப்பற்படைத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் மோதிக்கொண்ட கடல் எதிரே. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல்தான் நகரியத்துக்குள்ளும் மீனவர் குப்பங்களுக்குள்ளும் புகுந்து ஆட்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அதையும் அங்கே நின்றுதான் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வழியிலேயே திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலுக்கு வந்த கழுகுகள் நின்றுபோய் வருடங்களாகிவிட்டன, ஆனால் அங்கேயுள்ள பல்லவர் கால ஒருக்கல் மண்டபத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சட்ராஸ் டச்சுக்காரர்களுக்கு இந்த மலை உல்லாசமாக வந்துபோகும் இடமாக இருந்திருக்கிறது. வந்தவர்கள் சும்மா போகாமல் மண்டபத்தில் தங்கள் பெயரையும் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்! பெஞ்சில் காம்பஸால் பெயர் செதுக்கும் நம் பையன்களுக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே முன்னோடிகள் உண்டு. காலையில் அந்தக் கிறுக்கலையும் பத்து மணிக்குக் கோட்டையையும் பார்க்கிற பிள்ளைக்குப் பாடம் மறக்காது.

நேரம் இருந்தால் தெற்கே வயலூர். கோயிலில் உள்ள ஒரு தூணில் பல்லவன் ராஜசிம்மன் பிரம்மாவிலிருந்து தொடங்கித் தன் வம்சப் பட்டியலையே வெட்டி வைத்திருக்கிறான். பக்கத்தில்தான் பாலாறு கடலில் கலக்கிறது. பாலாறு என்றால் மணல் என்று மட்டுமே தெரிந்த நம் பிள்ளைகள் ஆற்றின் முடிவையும் ஒருமுறை பார்க்கட்டும்.

நான் வேலை செய்த ஒரு பள்ளியில் இதைச் சொன்னபோது, "பாழடைஞ்ச சுவரைப் பார்க்கவா சார் பெற்றோர் பணம் கட்டுவாங்க?" என்று தலைமையாசிரியர் சிரித்தார். நியாயமான கேள்விதான். பூங்காவைப் போல நிழலும் விளையாட்டும் இங்கே கிடையாது. ஆனால் பணம் என்று அவரே எடுத்ததால் சொல்கிறேன். பூங்காவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். என் வகுப்பில் சுற்றுலா நாளன்று நாலைந்து பிள்ளைகளுக்குத் தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். அது என்ன காய்ச்சல் என்று வகுப்புக்கே தெரியும். மறுநாள் மற்றவர்கள் சறுக்கு மரத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், வயலூர் என்றால் பெரிய செலவு பேருந்து வாடகைதான். சாப்பாடு வீட்டிலிருந்தே வரும். ஒரு பிள்ளையும் விட்டுப்போகாமல் முழு வகுப்பையும் கூட்டிப்போகலாம். பூங்கா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பா அம்மா கூட்டிப்போகட்டும். பள்ளியின் பெயரில் போகிற வண்டியில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும்.

இந்த வருடம் முயற்சி செய்யப்போகும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். ஏழு மணிக்குக் கிளம்பி முதலில் மலை ஏறிவிடுங்கள், 500 படிக்கு மேல், வெயில் ஏறினால் கால் சுடும். தண்ணீர், தொப்பி, தயிர்சாதம். கடலில் யாரையும் இறங்க விடாதீர்கள், தூரத்தில் நின்று படகையும் வலையையும் பார்த்தால் போதும். மீன் விற்கும் அக்காக்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. அணுமின் நிலையத்தின் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. ஒருக்கல் மண்டபத்துக்குள் விடுமுன் பையன்கள் பையிலிருக்கும் காம்பஸையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.