செபமும் சீதனமும்

கடவுளை அண்மிக்கும் வழியைக் கிறிஸ்தவ மக்களுக்குப் போதிக்கும் துண்டுப் பிரசுரங்கள் நம் நாட்டிலே ஒருநாளும் குறைவுபட்டதில்லை. அதிகாலையில் எழு, வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசி, மாலையிற் குடும்பமாகக் கூடிச் செபமாலை சொல், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே, வருவாயிற் பத்திலொன்றைக் காணிக்கையாக்கு. இவை யாவும் நல்ல பழக்கங்களே. விளக்கு வைக்கும் நேரத்திலே ஒரு வீட்டார் ஒருங்கே முழந்தாளிட்டிருக்கும் அமைதியை நாத்திகனும் மதிப்பான். ஆனால், இந்தப் பட்டியலில் விடுபட்டவை எவை? அவை ஏன் விடுபட்டன?

விடுபட்டவற்றை அறிய மார்க்சியம் படிக்க வேண்டியதில்லை. அந்த வேதாகமத்தையே திறந்தாற் போதும். கூலியாளின் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கலாகாது என்கிறது லேவியராகமம். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும் கந்தையுடுத்தவனுக்குத் தரையும் காட்டும் சபையைச் சாடுகிறது யாக்கோபின் நிருபம். அடிமைத்தளையை அவிழ்க்காத உபவாசம் உபவாசமே அன்று என்கிறது ஏசாயாவின் 58ஆம் அதிகாரம். இயேசுவோ மலைப்பிரசங்கத்திலே வரிசையையே வகுத்துவிட்டார்: மனத்தாங்கல் கொண்ட சகோதரனோடு ஒப்புரவாதல் முதலில், பலிபீடத்துக் காணிக்கை அதன் பின்னர். நாமோ வரிசையைத் தலைகீழாக்கி, முதலாவதை முற்றாக மறந்தும் விட்டோம்.

நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் மச்சமாமிசம் தொடாத தோட்டக்காரர், வெங்காயம் கிண்ட வந்த பெண்ணின் நாட்கூலியைக் கொடாமல் “திங்கட்கிழமை பார்ப்போம்” என்று அனுப்பினால், அந்த விரதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அவள் வீட்டிலும் அந்த நாட்களில் மச்சமாமிசம் இல்லை. அதற்குத் தவம் என்று யாரும் பெயரிடுவதில்லை.

சாதியைப் பற்றிப் பேசினால், “அது சைவர்களுடைய நோய்” என்று ஒதுங்குவோர் நம்மவருள் உண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது. பெத்தலேகம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், அருமையான தமிழ்க் கவிஞர்தாம். ஆயினும் சபையிற் சாதி வேற்றுமையை அகற்ற முற்பட்ட மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவரும் அவரே. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், திருச்சபையிலே சாதிக்கு இடமில்லை என்று சுற்றுநிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியைத் துறக்க மனமின்றிச் சபையைத் துறந்தனர். கிறிஸ்துவா சாதியா என்று கேட்கப்பட்டபோது அவர்கள் தந்த விடை அது. ஒரு விதத்தில் அவர்கள் நேர்மையானவர்கள். நாம் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது 1816இல். இரண்டு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இன்று ஆலயத்துள் யாரும் யாரையும் வெளிப்படையாகத் தடுப்பதில்லை. எல்லாரும் ஒரே வாங்கிலே அமர்கிறோம், ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறோம். பின்னர் வீட்டுக்குப் போய், “யாழ் உயர்குலக் கிறிஸ்தவ மணமகள் தேவை” என்று பத்திரிகைக்கு விளம்பரம் எழுதுகிறோம்! ஞானஸ்நானத்தில் மறுபிறப்பு எய்தியவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் குலம்?

விளம்பரத்தில் எழுதாதது சீதனம். காணி, வீடு, நகை என்பன பெண்ணின் பெயரில் எழுதப்படுவதையாவது பழைய வழமை என்று சமாதானம் சொல்லலாம். மாப்பிள்ளையைப் பெற்றவர் கைக்குப் போகும் ‘டொனேசன்’ பணத்துக்கு எந்த வழமை சாட்சி? நன்கொடை என்ற பொருளுடைய சொல்லை இத்தகைய வசூலுக்குச் சூட்டிய துணிவை மெச்சத்தான் வேண்டும். அந்தப் பணத்துக்காக ஈடு வைத்த காணியை மீட்க முடியாத தகப்பனும், முப்பத்தைந்து வயதிலும் வீட்டிலிருக்கும் மகளும் அதே ஆலயத்தில் நம் பக்கத்து வாங்கிலேயே முழந்தாளிட்டிருக்கிறார்கள். இவர்களுக்காக நாம் செபிக்கிறோம். மிக உருக்கமாகச் செபிக்கிறோம். அதே உருக்கத்தோடு நம் மகனுக்குத் தொகை பேசுகிறோம்.

“இவை சமூகப் பிரச்சினைகள், ஆன்மீகத்தோடு கலக்க வேண்டாம்” என்பார்கள். அப்படியாயின் ஏசாயாவையும் யாக்கோபையும் வேதாகமத்திலிருந்து அகற்றிவிட்டுப் பேசட்டும்.

விவாக அறிவித்தலை வாசித்து, இத்திருமணத்துக்குத் தடையேதும் உண்டோ என்று சபையைக் கேட்பது பழைய வழக்கம். அதற்கு முன்னர் இரு வீட்டாரையும் அழைத்து, கைமாறும் தொகை எவ்வளவு என்று கேட்பதைத் திருச்சபைகள் ஒரு விதியாக்கினால் என்ன? அக்கேள்வியை முதலிற் கேட்கத் துணியும் குருவானவர் எந்தச் சபையினராயினும் சரி, அவருடைய பிரசங்கத்துக்கு முன்வரிசையில் இடம்பிடிக்க நான் ஆயத்தம்.