வழிகாட்டி போன பிறகு

குழுப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொழி தெரியாத நாட்டில் வழிகாட்டி அவசியம். ஆனால் கடைசி நகரத்தில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்கள் துருக்கிப் பயணம் இஸ்தான்புல்லில் முடிந்தது. ஆயா சோபியா, சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல், தொப்காபி மாளிகை மூன்றையும் ஒரே பகலில் ஓடி ஓடிப் பார்த்தோம். குழு நாடு திரும்ப, நாங்கள் மூவரும் தங்கினோம். வீண் செலவு என்றார்கள் உறவினர்.

மறுநாள் எமினோனுவில் படகேறி, பொஸ்பரஸைக் கடந்து, ஆசியக் கரையிலுள்ள உஸ்குதாரில் இறங்கினோம். துறைக்கு அருகிலேயே ஒரு பள்ளிவாசல். சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா கட்டுவித்தது. கட்டடக் கலைஞர் சினான் 1548இல் முடித்தது. குழுவின் நிகழ்ச்சி நிரலில் அது இருக்கவில்லை. லுஹர் தொழுத உம்மா நெடுநேரம் எழும்பவில்லை. "வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் ஆறுதலாகத் தொழுதேன் மகள்" என்றார்.

பெற்றோரே, பெரிய செலவான விமானச் சீட்டுக்கு எப்படியும் பணம் கட்டுகிறீர்கள். ஒரு சிறிய அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். பயணத்தைப் பதியும்போதே இதைப் பேசிக்கொள்ளுங்கள். குழுச் சீட்டின் திகதியைப் பிறகு மாற்றுவது கடினம்.