ஐந்து சதவீதமும் பதினொரு சதவீதமும்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

நான்கு நாட்களுக்கு முன் நம் குடும்பக் குழுவில் அக்கா மகன் ஒரு படம் போட்டான். ஒரு பக்கம் அமெரிக்கக் கொடி, "ஏழைகள் 11 சதவீதம்". மறு பக்கம் நம் கொடி, "ஏழைகள் 5 சதவீதம்". கீழே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: "இனியும் இலவசங்கள் எதற்கு?" மறுநாளே அந்தப் படம் பழைய மாணவர்கள் குழுவிலும் வந்துவிட்டது. வரிசையாகக் கட்டைவிரல்கள். எதிர்த்துப் பேசிய ஒரே ஒருவனும் தப்புக் கணக்கோடு வந்தான்: "3 டாலர் என்றால் 255 ரூபாய். தினமும் 255 ரூபாய் இல்லாதவர்கள் 5 சதவீதம்தானா? உலக வங்கி பொய் சொல்கிறது."

ஒருவன் என் மடியில் வளர்ந்தவன். இன்னொருவன் என் வகுப்பில் கணக்குப் படித்தவன். இருவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்திலுள்ள இரண்டு எண்களும் பொய்யல்ல. 11.1 சதவீதம் என்பது 2023-க்கு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை சொன்னது. 5.3 சதவீதம் என்பது 2022-23-ல் இந்தியாவுக்கு உலக வங்கி சொன்னது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் பொய்.

ஒரு பள்ளியில் 10 மார்க் எடுத்தால் பாஸ். இன்னொரு பள்ளியில் 70 எடுத்தால்தான் பாஸ். முதல் பள்ளியில் ஐந்து பேர் ஃபெயில், இரண்டாவதில் பதினொரு பேர் ஃபெயில். எந்தப் பள்ளி நன்றாக நடக்கிறது? பாஸ் மார்க் என்னவென்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்பவனை நான் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

10, 70 என்று சும்மா சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் வறுமைக் கோட்டை 1963-64-ல் வகுத்தவர் மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற அம்மையார். சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. எனவே சிக்கனமான சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். இன்று வரை அதே கோட்டைத்தான் விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். 2023-ல் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்குச் சுமார் 31,000 டாலர். நான்கால் வகுத்து, 365-ஆல் வகுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 21 டாலர்.

இந்தியாவின் 5 சதவீதத்துக்கு வைத்த கோடு 3 டாலர். ஏழில் ஒரு பங்கு.

அந்த 3 டாலர் கோட்டை அமெரிக்காவில் போட்டால் அங்கே ஏழைகள் சுமார் ஒரு சதவீதம்தான். அமெரிக்கக் கோட்டை இங்கே போட்டால்? அதற்கு 255 ரூபாய்க்காரனின் தப்பை முதலில் திருத்த வேண்டும்.

தம்பி, உலக வங்கி சொல்லும் டாலர் விமான நிலையத்தில் மாற்றும் டாலர் அல்ல. அமெரிக்காவில் ஒரு டாலருக்கு என்ன வாங்க முடியுமோ அதை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்று பார்க்கும் கணக்கு அது. வாங்கும் திறன் சமநிலை என்பார்கள். 1968-ல் ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய வேலை, இன்று உலகம் முழுக்க விலைப்பட்டியல் சேகரிக்கும் பெரிய ஏற்பாடாகிவிட்டது. அங்கே முடி வெட்டிக்கொள்ள ஆகும் காசில் இங்கே ஒரு வீட்டு ஆண்கள் எல்லோரும் வெட்டிக்கொள்ளலாம் அல்லவா, அதுதான் விஷயம். 2021 விலைப்படி அந்த டாலர் நமக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல். அப்படியானால் 3 டாலர் என்பது அறுபது ரூபாய்ச் சொச்சம். 255 அல்ல. தினம் அறுபது ரூபாயில் சாப்பாடு, துணி, மருந்து, பஸ், பள்ளிச் செலவு எல்லாம் அடக்கம். அதற்கும் கீழே இருப்பவர்கள்தான் அந்த 5 சதவீதம்.

இதே கணக்கில் அமெரிக்காவின் 21 டாலர் ஆளுக்கு 430 ரூபாய் வரும். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் உத்தேசமாக 50,000 ரூபாய். மாதம் ஐம்பதாயிரம் செலவழிக்க முடியாத வீடெல்லாம் ஏழை வீடு என்று வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். 2022-23 அரசு கணக்கெடுப்பில் கிராமத்தில் சராசரியாக ஒருவர் மாதம் செலவழித்தது 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். இது சராசரி. நான்கால் பெருக்கினால் நகரத்துச் சராசரிக் குடும்பம்கூட 26,000 ரூபாயில் நின்றுவிடுகிறது. அமெரிக்காவைவிட நம்மிடம் ஏழைகள் குறைவு என்ற பெருமை இந்த ஒரு பெருக்கலில் போயே போச்சு.

இன்னொரு பிசகும் உண்டு. அமெரிக்கா எண்ணுவது வருமானத்தை. அதிலும் அரசு கொடுக்கும் உணவு உதவியைச் சேர்ப்பதில்லை. நாம் எண்ணுவது செலவை. ஏன் செலவு என்று எனக்குத் தெரியும். பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனபோது ஒரு தாயிடம் "மாத வருமானம் எவ்வளவும்மா?" என்று கேட்டேன். அவர் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தார், அவள் இவரைப் பார்த்தாள். "நீங்களே ஒண்ணு போட்டுக்கிடுங்க டீச்சர்" என்றார். பொய் சொல்லவில்லை. களையெடுப்பு ஒரு வாரம், செங்கல் சூளை பத்து நாள், மழை வந்தால் ஒன்றுமில்லை. இதில் மாத வருமானம் எது? அரிசி எத்தனை கிலோ, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டிருந்தால் டக்கென்று சொல்லியிருப்பார். அதிலும் "போன வாரம்" என்று கேட்டால் ஒரு விடை, "போன மாதம்" என்று கேட்டால் வேறு விடை. கேள்வியை மாற்றினாலே ஏழைகளின் எண்ணிக்கை மாறிவிடும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கோட்டை மாற்றினால் கேட்கவே வேண்டாம். உலக வங்கி 1990-ல் ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்று ஆரம்பித்தது. பிறகு 1.25, 2015-ல் 1.90, 2022-ல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர். மிக ஏழை நாடுகள் தங்களுக்கென்று வைத்திருக்கும் கோடுகளைப் பார்த்து, புது விலைப்பட்டியலில் பொருத்தி வைக்கிறார்கள். 3 டாலர் ஆனதும் 2022-க்கு உலகத்தின் கடும் ஏழைகள் 71 கோடியிலிருந்து 84 கோடிக்கு அருகே போய்விட்டார்கள். இந்தியா 2.3 சதவீதத்திலிருந்து 5.3 ஆனது. அந்த ஜூன் மாதத்தில் யார் வீட்டு அடுப்பும் புதிதாக அணையவில்லை. அளவுகோல் மாறியது, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. தாதாபாய் நௌரோஜி 1901-ல் வெளியிட்ட புத்தகத்தில் சிறைக் கைதியின் சாப்பாடு, துணிச் செலவை எடுத்து, சுதந்திரமாகத் திரியும் இந்தியனின் சராசரி வருமானம் அதற்குக்கூடக் காணாது என்று வெள்ளைக்காரனின் முகத்துக்கு நேரே சொன்னார். அளவுகோலை ஏழைக்காகப் பிடித்த மனிதர் அவர். நூறாண்டு கழித்து, 2011-ல், திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் நகரத்துக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், கிராமத்துக்கு 26 ரூபாய் போதும் என்று எழுதிக் கொடுத்தது. நாடே கொதித்தது ஞாபகமிருக்கும். சுரேஷ் டெண்டுல்கர் (கிரிக்கெட்காரர் அல்ல, பொருளாதார அறிஞர்) குழுவின் முறைப்படி 2011-12-ல் ஏழைகள் 21.9 சதவீதம், சுமார் 27 கோடி. நம் சி. ரங்கராஜன் குழு 2014-ல் கொடுத்த முறைப்படி அதே ஆண்டில் 29.5 சதவீதம், 36 கோடிக்கு மேல். ஒரே நாடு, ஒரே ஆண்டு. வித்தியாசம் 9 கோடிப் பேர். 2011-ல் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.2 கோடிதான். ஒரு குழுவின் கையெழுத்தில் ஒரு தமிழ்நாடும் அதற்கு மேலும் ஏழையாகிறது, இல்லாமலும் போகிறது.

அப்படியானால் எல்லாம் ஏமாற்று வேலையா என்று கேட்காதீர்கள். அளக்கத்தான் வேண்டும். ஒரே கோட்டை வைத்து அளந்தால் உண்மை தெரியும். அதே 3 டாலர் கோட்டில் 2011-12-ல் இந்தியா 27.1 சதவீதம், 2022-23-ல் 5.3 சதவீதம். இடையில் கணக்கெடுக்கும் முறை மாறியிருப்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் இது பெரிய இறக்கம். சந்தோஷப்படுங்கள், நானும் படுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் காலில் செருப்பு கிடையாது. ஓய்வு பெறும்போது செருப்பில்லாத பிள்ளையைப் பார்ப்பதே அரிது.

ஆனால் படத்தின் கடைசி வரி, அந்த "இலவசங்கள் எதற்கு", அதற்குத்தான் எனக்குக் கோபம். உலக வங்கி அடுத்த படியாக 4.20 டாலர் என்று ஒரு கோடு வைத்திருக்கிறது. இந்தியா போன்ற கீழ்-நடுத்தர வருமான நாடுகளுக்கு உரியது அதுதான். அந்தக் கோட்டில் இந்தியாவின் ஏழைகள் 23.9 சதவீதம். 3-க்கும் 4.20-க்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு 25 ரூபாய். அந்த 25 ரூபாய் இடைவெளிக்குள் நம் மக்களில் 18 சதவீதத்துக்கு மேல், சுமார் 26 கோடிப் பேர், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். 5 சதவீதக் கணக்கில் இவர்கள் ஏழைகள் அல்ல. ஒரு டெங்கு காய்ச்சல், ஒரு விபத்து, ஒரு மழை பொய்த்த வருஷம் போதும், கோட்டுக்குக் கீழே வர. இவர்களைக் கோட்டுக்கு மேலே பிடித்து வைத்திருப்பதில் ரேஷன் அரிசிக்கும் பள்ளிச் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. தூணைத் தட்டிவிட்டு, கூரை நன்றாகத்தானே நிற்கிறது என்று கேட்கலாமா?

பணத்தில் மட்டும் அளந்தாலும் போதாது. ஆடம் ஸ்மித் 1776-லேயே சொல்லியிருக்கிறார்: எது இல்லாமல் ஒரு கூலியாள் வெளியில் வர வெட்கப்படுவானோ அதுவும் அவசியத் தேவைதான் என்று. அவர் காலத்தில் அது ஒரு லினன் சட்டை. என் வகுப்பில் ஒரு பையன் புதன்கிழமை தோறும் வரமாட்டான். விசாரித்தால், ஒரே சீருடை, அன்றைக்குத் துவைத்துக் காயப்போடுவார்கள். அவன் வயிறு காயவில்லை, தினமும் சாப்பிட்டான். எந்த டாலர் கோட்டிலும் அவன் ஒருவேளை மேலேதான் இருந்திருப்பான். இலவசச் சீருடை இரண்டாவது ஜோடி கைக்கு வந்த பிறகு ஒரு புதன்கூட அவன் விடவில்லை. ஐரோப்பிய நாடுகள் தங்கள் நாட்டு நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரை எல்லாம் வறுமையின் விளிம்பில் இருப்பவராக எண்ணுவது இந்த வெட்கத்தைக் கணக்கில் எடுக்கத்தான். அங்கே பசி குறைவு. ஊரோடு ஒத்து வாழ முடியாமல் போவதை வறுமை என்கிறார்கள்.

படிப்பு, ஊட்டச்சத்து, கழிப்பறை, சமையல் எரிவாயு என்று பலதையும் சேர்த்து எண்ணும் பல்பரிமாண வறுமைக் குறியீடும் 2010 முதல் இருக்கிறது. நிதி ஆயோக் அந்த முறையில் கணக்கிட்டபோது 2019-21-ல் இந்தியா 14.96 சதவீதம். பீகார் 33.76, தமிழ்நாடு 2.20. சத்துணவும் சீருடையும் சைக்கிளும் கொடுத்து வீணாய்ப்போன மாநிலம் என்று நம்மைப் பரிகசிப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒரு முறை பார்க்கட்டும்.

அடுத்த முறை இப்படியொரு படம் வந்தால் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கோடு? எந்த ஆண்டின் விலை? வருமானமா, செலவா? இரண்டு நாட்டுக்கும் மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்.

கடைசியாக, என் பழைய மாணவர்களுக்கு மட்டும். அந்தப் படத்துக்குக் கட்டைவிரல் காட்டிய சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். 1982-ல் வந்த சத்துணவின் வரிசையில் தட்டோடு நின்றவர்கள் நீங்கள். பரிமாறும்போது பக்கத்தில் நின்றவள் நான். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவீர்கள், அடுத்த வேளை முழுச் சாப்பாடு திங்கட்கிழமைதான் என்பதால். இன்று நன்றாக இருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. ஆனால் அந்த வரிசை இன்னும் கலையவில்லை. இப்போது அதில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "இனி எதற்கு" என்று நீங்கள் கேட்கக் கூடாது. வேறு யார் கேட்டாலும் நீங்கள் கேட்கக் கூடாது.

அக்கா மகனே, உனக்குக் கோபம் வந்தால் ஃபோன் பண்ணு. சித்தி தூங்க ஒன்பதரை ஆகும். என் கணக்கில் தப்பு இருந்தால் யாரும் காட்டலாம், திருத்திக்கொள்கிறேன்.