அறிவியல் திண்ணை: மேடு வளர்ந்தது, உயிர் பெற்றதா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மாரிக்குப்பத்தில் எங்கள் லயன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உண்ணுதல், சுவாசித்தல், வளர்தல், அசைதல், உணர்தல், கழிவு நீக்கல், இனம் பெருக்கல்" என்று உயிர்களின் இலட்சணங்கள் ஏழையும் உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிறுத்தி, எதிரே தெரியும் சயனைட் மேட்டைச் சுட்டிக் காட்டினான்.

"தாத்தா, இந்த மேடு உங்கள் காலத்தில் வருஷா வருஷம் வளர்ந்தது என்றீர்களே! காற்றடித்தால் ஊருக்குள் நகர்ந்தும் வருகிறது. அப்படியானால் இதற்கும் உயிர் உண்டா?"

நேயர்களே, சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியன்று இது. நம் முன்னோர் தொல்காப்பியத்தில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றும், எறும்பை மூவறிவுயிர் என்றும், மனிதனை ஆறறிவுயிர் என்றும் வகுத்தனர். அது உயிர்களுக்குள்ளே கண்ட வரிசை. பேரன் கேட்டதோ உயிருக்கும் உயிரற்றதற்கும் இடையேயுள்ள வரப்பு எங்கே என்று.

மேடு வளர்ந்த கதையை முதியவர்கள் அறிவார்கள். சுரங்கத்திலிருந்து வந்த கல்லை ஆலையில் மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் எஞ்சிய சேற்றைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டக் கொட்ட உயர்ந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மேட்டின் வளர்ச்சியும் நின்றது. பேரன் வளர்வது அவ்விதமன்று. காலையில் அவன் தின்ற ராகிக் களி மாலையில் களியாகவே தோளில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வயிறு அதை உடைக்கிறது. குருதி சுமந்து செல்கிறது. ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டியதை எடுத்துத் தன் வடிவாக்கிக்கொள்கிறது. மேடு வெளியிலிருந்து குவிந்தது. அவன் உள்ளிருந்து வளர்கிறான்.

ஏழு இலட்சணங்களில் நாம் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது சுவாசம். நெஞ்சு ஏறி இறங்குவதையே சுவாசம் என்று எண்ணுகிறோம். அது காற்றின் போக்குவரத்து மட்டுமே. மெய்யான சுவாசம் உயிரணுவுக்குள் நடக்கிறது. அங்கே சர்க்கரை பிராணவாயுவுடன் கூடி, தீயின்றி எரிந்து, உடலுக்கு ஆற்றலைத் தந்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. மைசூர் மைன்ஸ்காரர்களுக்கு இதை விளக்கச் சயனைட்டை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. அந்த நஞ்சு மூச்சுக்குழாயை அடைப்பதில்லை; குருதியிலுள்ள பிராணவாயுவைத் திருடுவதுமில்லை. உயிரணுவுக்குள் பிராணவாயுவைப் பயன்படுத்தும், இரும்பு கலந்த ஒரு நொதியைப் பிடித்துக்கொள்கிறது. விறகு குவிந்திருக்கிறது, காற்றும் வீசுகிறது, அடுப்பு மட்டும் பற்ற மறுக்கிறது என்றாற்போன்ற நிலை அது.

மேட்டிலுள்ள சயனைட்டை வெயிலும் காற்றும் நுண்ணுயிர்களும் காலப்போக்கில் சிதைத்துவிடும். கல்தூசி சிதையாது. மெல்லிய கல்தூசி நுரையீரலின் அடியில் படிந்தால், அங்குள்ள காவல் அணுக்கள் கிருமியை விழுங்குவது போலவே அதையும் விழுங்குகின்றன. கிருமி செரிக்கும், கல் செரிக்காது. விழுங்கிய அணு மடிந்து தூசியை வெளியே விடுகிறது. அடுத்த அணு அதை விழுங்குகிறது. நாளடைவில் அவ்விடம் தழும்பேறி இறுகிவிடுகிறது. நம் லயன்களில் இரவெல்லாம் இருமி ஓய்ந்த பெரியவர்கள் பலரை வாட்டிய ஸிலிகோஸிஸ் என்னும் நோய் இதுதான். உண்ணுதல் என்ற உயிரின் இலட்சணமே அங்கே உயிருக்குப் பகையாகிவிட்டது. ஆகையால்தான் காற்று நாட்களில் பேரனை மேட்டில் சறுக்கி விளையாட நான் விடுவதில்லை. அவனுக்கு என்மேல் கோபம், இருக்கட்டும்.

சரி, சுவாசத்துக்குப் பிராணவாயு கட்டாயம் வேண்டுமா? அதுவுமில்லை. சாம்பியன் ரீஃபில் நம்மவர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினாலொழிய மனிதன் நின்று வேலை செய்ய முடியாது. தென்னாப்பிரிக்காவிலுள்ள ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் ஏறக்குறைய அதே ஆழத்தில், அதாவது 2.8 கிலோமீட்டரில், பாறைப் பிளவிலிருந்து கசிந்த நீரை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அந்நீரில் அநேகமாக ஒரே வகை நுண்ணுயிர்தான் வாழ்ந்தது. வெயில் இல்லை; பிராணவாயுவும் இல்லை. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீரைப் பிளக்க, அதில் பிறக்கும் ஹைட்ரஜனை அது எரிபொருளாகக் கொள்கிறது. பிராணவாயு செய்யும் வேலையைக் கந்தக உப்பைக்கொண்டு முடித்துக்கொள்கிறது. அதற்கு இட்ட லத்தீன் பெயருக்குத் 'துணிந்த வழிப்போக்கன்' என்று பொருள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அப்பெயர் பிடிக்காமற் போகாது.

பேரன் அத்துடன் விடவில்லை. "டப்பாவிலிருக்கும் பச்சைப்பயறு ஏழில் ஒன்றையுமே செய்யவில்லையே, தாத்தா! அது செத்ததா?" என்றான்.

செத்ததன்று, உறங்குகிறது. இஸ்ரேலில் மசாடாக் கோட்டையில் அகழ்ந்தெடுத்த, ஏறக்குறைய 2000 ஆண்டு வயதுடைய பேரீச்சங்கொட்டை ஒன்றை 2005இல் ஊன்றினார்கள். அது முளைத்து மரமாயிற்று. வாயால் சொன்னால் சிறுவன் நம்புவானா? ஆகவே இரண்டு கைப்பிடிப் பயறு எடுத்தோம். இரண்டையும் இரவு ஊறவைத்து, காலையில் ஒன்றை மட்டும் வேகவைத்து ஆறவிட்டோம். நீரை நன்கு வடித்து, இரண்டு பிளாஸ்குகளில் தனித்தனியே இட்டு, வாயைப் பஞ்சால் இலேசாக அடைத்து வைத்தோம். நேயர்களும் செய்து பார்க்கலாம். வெந்த பயறு புளிக்கத் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும், அவ்வளவே.

மறுநாள் காலை பல் துலக்குமுன்னரே ஓடிவந்து இரண்டையும் தட்டில் கொட்டிக் கையை வைத்தான். வெந்த பயறு சில்லென்றிருந்தது. வேகாத பயற்றில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. அதன்மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை.

"தாத்தா, சுடுகிறது!"

அன்று மாலை என் மருமகள் அந்த முளைப்பயற்றைச் சுண்டல் செய்துவிட்டாள். பேரன் தன் பங்கில் நான்கு மணியை எடுத்து வைத்திருந்தானாம், ஊன்றுவதற்கு. வெந்த பிறகு எடுத்தவை அவை என்பதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.